பொம்பெயித் தெருக்களை வாசிப்பது எப்படி: ஒரு நாள் தங்கிப் பார்ப்பவர்களுக்கான வழிகாட்டி

இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே, கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைத்த ரோமானிய ஊர் பொம்பெயி. அதற்குள் நுழைகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது இறந்தவர்களைத்தான். கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடக்கும் உடலின் சுண்ண வார்ப்பைப் பார்த்துவிட்டு, ஊரின் நடுச் சதுக்கமான மன்றத்தின் நடுவே வெசுவியஸ் மலை தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த ஊர் அழிய இரண்டு நாள்கூடப் பிடிக்கவில்லை. அதற்கு முன் அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் அந்த இரண்டு நாளை மட்டும் பார்த்துத் திரும்புவது நட்டக் கணக்கு என்பது என் கருத்து.

ஆகவே இங்கே ஒரே ஒரு பழக்கத்தைத்தான் பரிந்துரைக்கிறேன். எந்தச் சுவரின் முன் நின்றாலும், எந்தக் கல்லை மிதித்தாலும், இது யார் செய்த வேலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊரார் செய்ததா, மலை செய்ததா, 1748 முதல் மண்ணைத் தோண்டி வருகிறவர்கள் செய்ததா? மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால்தான் பொம்பெயி முதல் பார்வைக்கு வெறும் இடிபாடாகத் தெரிகிறது. பிரித்துப் பார்க்கத் தொடங்கியதும் ஊர் தெரிய ஆரம்பிக்கும்.

மலை செய்த வேலை

கி.பி. 79-இல் நடந்தவற்றின் வரிசையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது பாதி வேலையை முடித்துவிடும். முதல் நாள் நண்பகல் வாக்கில் வெசுவியஸிலிருந்து எழுந்த சாம்பல் தூண் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது. வளைகுடாவின் வடமுனையில் மிசேனும் துறைமுகத்திலிருந்து அதைக் கண்ட ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, நீண்ட அடிமரத்தின் உச்சியில் கிளைகளை விரித்த பைன் மரத்தைப் போல அது இருந்ததாக வரலாற்றாசிரியர் தாசிட்டசுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார்; அங்கே கப்பற்படைக்குத் தலைமை தாங்கிய அவருடைய தாய்மாமன் மூத்த பிளினி, மக்களை மீட்பதற்காகக் கப்பல்களோடு புறப்பட்டுப் போய், ஸ்தாபியே என்னும் ஊரின் கரையில் உயிரிழந்தார்.

காற்று தென்கிழக்கு நோக்கி வீசியதால் நுரைக்கல் மழை முழுவதும் பொம்பெயியின் தலையில் பெய்தது. ஏறத்தாழ 18 மணி நேரத்தில் இரண்டரை மீட்டருக்கு மேல் கல் குவிந்து, பாரம் தாங்காமல் கூரைகள் உள்ளே விழுந்தன. மறுநாள் காலையில்தான் சரிவில் பாய்ந்து இறங்கிய கொதிசாம்பல் வெள்ளம் ஊரை அடைந்தது. அது நுரைக்கல் குவியலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மாடிகளையும் சுவர்த் தலைகளையும் அடித்துச் சாய்த்தது. அதுவரை தப்பியிருந்தவர்களையும் கொன்றது. இன்று நீங்கள் பார்க்கும் பொம்பெயியில் தரைத்தளம் நிற்பதற்கும் மாடி இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம். அங்கங்கே ஓடு வேய்ந்து நிற்கும் கூரைகளைக் கண்டு வியந்துவிட வேண்டாம். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தோண்டியவர்கள் பிற்காலத்தில் போட்டவை.

தீக்குழம்பு ஓடி வந்து ஊரை மூடியது என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் பலர். அந்த வெடிப்பில் குழம்பு எதுவும் பொம்பெயிக்குள் பாயவில்லை. குழம்பைப் பார்க்க வேண்டுமானால் காலடியில் பாருங்கள்: தெருவில் பாவியிருக்கும் கரும்பாறைகள் எல்லாம் அதற்கு வெகு காலத்துக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்புதான். ஊரார் அதை வெட்டி எடுத்து வந்து தெரு போட்டார்கள்.

மலை வெடித்த நாள் விஷயத்தில் வழிகாட்டிகள் இருவேறு விதமாகச் சொல்லக் கேட்டால் குழம்ப வேண்டாம். பிளினியின் கடிதப் பிரதிகளை ஒட்டி ஆகஸ்டு 24 என்றுதான் நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஆனால் 2018-இல் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் கிறுக்கப்பட்ட, அக்டோபர் 17-ஐக் குறிக்கும் ஒரு வரி கிடைத்தது. பழுத்த மாதுளை, குளிர்காயும் கணப்புச் சட்டிகள், மூடி முத்திரையிட்ட மது மிடாக்கள் ஆகியவை முன்பே எழுப்பியிருந்த ஐயத்தோடு இதுவும் சேர்ந்துகொள்ள, அக்டோபர் 24 என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன்

2024 நவம்பரிலிருந்து நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. நுழைவுச்சீட்டிலும் பார்வையாளரின் பெயர் பதிவாகிறது. ஆகவே சீட்டை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, கடவுச்சீட்டு போன்ற ஓர் அடையாளச் சான்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கட்டணம் கிடையாது. பணத்தை மிச்சப்படுத்துவதே நோக்கமாக இருந்தாலன்றி அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

நேப்பிள்ஸிலிருந்து சொரெந்தோ செல்லும் சிர்க்கும்வெசுவியானா ரயிலில் வருகிறவர்கள், மேற்கு ஓரத்தில் உள்ள போர்த்தா மரினா வாயிலுக்கு அருகே இறங்கி அதன் வழியாகவே நுழைகிறார்கள். காலையில் அங்கே கூட்டம் நெரியும். கிழக்கு ஓரத்தில் வட்டரங்கை ஒட்டி இன்னொரு வாயில் இருக்கிறது. அங்கே தொடங்கி மேற்கு நோக்கி நடந்தால், முதல் இரண்டு மணி நேரம் கடைத்தெரு ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம். இந்த வழிகாட்டி அந்தத் திசையில்தான் செல்கிறது.

மதில்களுக்குள் உள்ள பரப்பு ஏறத்தாழ 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் தோண்டப்பட்டிருக்கிறது என்றாலும், அதை ஒரே நாளில் நடந்து முடிக்க முடியாது. நிழல் மிகக் குறைவு. தெருக்கல் மேடும் பள்ளமுமாக, வழுவழுப்பாக இருப்பதால் அடி கனத்த காலணி தேவை. பெரிய பைகளை உள்ளே அனுமதிப்பதில்லை. ஒரு தண்ணீர்ப் புட்டி எடுத்துக்கொண்டால், பழைய தெருத்தொட்டிகள் சிலவற்றில் பொருத்தியிருக்கும் குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம்.

வரைபடத்தில் உள்ள எண்களைப் புரிந்துகொள்வது மிக முக்கியம். 1860-களில் அகழ்வுக்குத் தலைமை தாங்கிய ஜியூசெப்பே ஃபியோரெல்லி ஊரை ஒன்பது பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதியிலும் நான்கு புறமும் தெருவால் சூழப்பட்ட கட்டடத் தொகுதிக்கு ஓர் எண், அத்தொகுதியில் ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் எண். 1.8.8 என்றால் முதற்பகுதி, எட்டாம் தொகுதி, எட்டாம் வாசல். வீடுகளுக்கு வழங்கும் பெயர்களைவிட இந்த எண்களை நம்புங்கள். பெயர்கள் பெரும்பாலும் தோண்டியவர்கள் சூட்டியவை: அறுவைக் கருவிகள் கிடைத்ததால் ஒன்று மருத்துவர் வீடானது, ஃபான் என்னும் காட்டுத் தெய்வத்தின் வெண்கலச் சிலை கிடைத்ததால் இன்னொன்று ஃபான் வீடானது. தெருப்பெயர்களும் அப்படியே. ஊரின் முதன்மைத் தெருவான அபொந்தான்சா தெருவுக்குப் பெயர் தந்தது, அதன் மேற்கு முனையில் உள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியில் செதுக்கிய பெண் உருவம். வளம் என்னும் தேவதை அவள் என்று கருதி அப்படி அழைத்தார்கள். கி.பி. 79-இல் யாரிடமாவது அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டிருந்தால் விழித்திருப்பார்கள்.

வட்டரங்கும் அதன் அக்கம்பக்கமும்

ஏறத்தாழ கி.மு. 70-இல் கட்டிய இந்த வட்டரங்கு, கல்லால் கட்டியவற்றுள் இன்று எஞ்சியிருப்பனவற்றில் மிகப் பழையது. சுமார் 20,000 பேர் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையோ பத்துப் பன்னிரண்டாயிரம் அளவில்தான் மதிப்பிடப்படுகிறது. அப்படியானால் மற்ற இருக்கைகள் வெளியூராருக்குத்தான். அந்த வெளியூராரால்தான் வம்பும் வந்தது. கி.பி. 59-இல் நடந்த வாள்வீரர் போட்டியின்போது நுசேரியா ஊராருக்கும் உள்ளூராருக்கும் வாய்ச்சண்டை மூண்டு, கல்லெறியாகி, கொலையில் முடிந்ததால், ரோமானியச் செனட் பத்தாண்டுகளுக்கு இங்கே போட்டிகளைத் தடை செய்தது.

இதற்குக் கால் மணி நேரம் போதும். அருகிலுள்ள திராட்சைத் தோட்டத்தில் சற்று அதிகமாக நில்லுங்கள். வேர்கள் மட்கிய இடத்தில் மண்ணில் எஞ்சிய குழிகளைக் கணக்கிட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கொடிகள் இங்கே இருந்தன என்று தாவர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஊருக்குள் இவ்வளவு பெரிய தோட்டம் இருந்தது என்பது, நெருக்கியடித்த நகரம் என்று நாம் கொண்டுவரும் எண்ணத்தைத் திருத்தும். சற்றுத் தள்ளி, தப்பியோடியவர்களின் தோட்டம் என்னும் இடத்தில் 13 பேருடைய வார்ப்புகள், அவர்கள் விழுந்த இடத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. வார்ப்புகளை அவற்றுக்குரிய இடத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கேயே போய் வந்துவிட வேண்டும். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தரையிலிருந்து தொடங்குங்கள்

அபொந்தான்சா தெருவுக்குள் வந்ததும் சுவர்களைப் பார்க்காதீர்கள். முதலில் தரையைப் பாருங்கள். இரு புறமும் நடைமேடை உயர்ந்திருக்கிறது, தெரு தாழ்ந்திருக்கிறது. நிலத்தடிச் சாக்கடை மிகக் குறைவாக இருந்த ஊர் ஆதலால், மழைநீரும் தொட்டிகளில் வழிந்த நீரும் வீட்டுக் கழிவும் இந்தப் பள்ளத்தில்தான் ஓடின. காலை நனைக்காமல் கடப்பதற்காகத்தான் குறுக்கே பெரிய பெரிய தாண்டு கற்களைப் பதித்தார்கள். அந்தக் கற்களுக்கு இடையில் விட்ட சந்தின் வழியாக வண்டிச் சக்கரங்கள் போயின. சந்துகளுக்கு நேரே கரும்பாறையில் கையளவு ஆழத்துக்குத் தேய்ந்த சக்கரத் தடங்களைக் காணலாம்.

குனிந்து ஒரு தாண்டு கல்லின் பக்கவாட்டைப் பாருங்கள். சக்கரம் உரசிய தழும்பு ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருக்கும். இத்தகைய தழும்புகளை ஊர் முழுவதும் அளந்துதான், வண்டிகள் வலப்புறமாகச் சென்றன என்றும், குறுகிய தெருக்கள் பல ஒருவழிப் பாதைகளாக இருந்தன என்றும் ஆய்வாளர்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். நடைமேடையின் விளிம்பில் துளையிட்ட கற்களும் தென்படும். கயிறு கட்டுவதற்கு அவை பயன்பட்டிருக்க வேண்டும்.

தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிகள் ஊரில் நாற்பது வரை உள்ளன. ஒன்றின் அருகே நின்று அதன் விளிம்பில் கையை வைத்துப் பாருங்கள். நீர் பிடிக்கச் சாய்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஊன்றிய இடத்தில் கல் குழிந்து, உங்கள் உள்ளங்கை தானாகவே அங்கே போய்ப் பொருந்தும். வெசுவியஸ் வாயிலருகே ஊரின் உச்சியில் இருந்த பகிர்மான அறைக்குக் கால்வாய் வழியாக வந்த நீர், ஈயக் குழாய்களில் இறங்கி, தெருவோரத் தூண்களின் தலையில் இருந்த தொட்டிகளில் ஏறி, அழுத்தம் குறைந்து இங்கே வந்து சேர்ந்தது. நடைமேடை ஓரத்தில் சில இடங்களில் அந்த ஈயக் குழாய்கள் இன்னும் வெளியே தெரிகின்றன.

வாசற்படி சொல்லும் செய்தி

பொம்பெயியில் கடையையும் வீட்டையும் பிரித்தறிய எளிய வழி வாசற்படிக் கல்லைப் பார்ப்பதுதான். கல்லின் நீளம் முழுவதும் ஒரு வாய்க்கால் போல வெட்டி, ஒரு முனையில் மட்டும் கதவு சுழல்வதற்குக் குழி போட்டிருந்தால் அது கடை. பலகைகளை ஒவ்வொன்றாக அந்தப் பள்ளத்தில் செருகி நகர்த்தி, கடைசிப் பலகையை மட்டும் கதவாக வைத்து இரவில் பூட்டிக்கொண்டு போனார்கள். வாய்க்கால் இல்லாமல் இரு முனைகளிலும் குழி இருந்தால் இரட்டைக் கதவு, அது வீடு. இதை ஒரு தடவை கண்டுகொண்டால், அடுத்த நூறு வாசல்களை வழிகாட்டி இல்லாமலே நீங்கள் வாசித்துவிடலாம். பெரிய வீடுகளின் வாசலுக்கு இரு பக்கமும் கடைகள் ஒட்டிக்கொண்டிருப்பதும் அப்போதுதான் புலப்படும். சில வீடுகளுக்கு வெளியே தெருவைப் பார்த்துத் திண்ணை கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரரைக் காணக் காலையில் வந்தவர்கள் காத்திருந்த இடம் அது என்பது வழக்கமான விளக்கம்.

தெருவைப் பார்த்து வளைந்து நிற்கும் கல்மேடைகளில் வாய் அகன்ற மிடாக்கள் பதித்திருந்தால் அது சாப்பாட்டுக் கடை அல்லது மதுக்கடை. மேடையின் முகத்தில் உடைந்த சலவைக்கல் துண்டுகளை ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். பெரிய கட்டடங்களில் மிஞ்சிய சில்லுகளைக் கொண்டு செய்த மலிவான அழகு. 1.8.8-இல் உள்ள வெத்துத்தியுஸ் பிளாசிதுஸ் கடையின் மிடா ஒன்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள் கிடைத்தன. பின்சுவரில் குலதெய்வ மாடமும், வணிகத்துக்கு மெர்க்குரியும் மதுவுக்கு பாக்கஸும் நிற்கும் ஓவியமும் இருக்கின்றன. கடைக்காரருக்குத் தேவையான தெய்வங்கள் இவர்கள் இருவரும்தான் அல்லவா? மிடாக்களில் எல்லாம் சூடான உணவு இருந்தது என்று கருதிவிட வேண்டாம். நீர் கசியும் மட்பாண்டம், கழுவ முடியாதபடி மேடைக்குள் பதிந்தது. பலவற்றில் பருப்பு, கொட்டை போன்ற உலர்பொருள்களே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் பகுதியில் தோண்டி 2020-இல் வெளிப்படுத்திய கடையில் வாத்து எலும்பும், பன்றி, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்களும் கிடைத்ததால், சமைத்த உணவையும் விற்றார்கள் என்பது உறுதியாயிற்று.

அடுமனைகளைத் தேடுவது இன்னும் எளிது. இடை சிறுத்த உடுக்கை வடிவத்தில் கருங்கல் திரிகைகள் வரிசையாக நின்றால் அங்கே ரொட்டி சுட்டார்கள் என்று பொருள். கீழே கூம்பு, அதன்மேல் கவிழ்த்த மேற்கல், அதன் இடுப்பில் மரக்கம்பு செருகும் சதுரத் துளை. மேலிருந்து கொட்டிய கோதுமை மாவாகிக் கீழே விழ, கழுதையோ அடிமையோ நாள் முழுவதும் சுற்றிவந்தாக வேண்டும். ஒன்பதாம் பகுதியில் 2023-இல் வெளிப்பட்ட ஓர் அடுமனையில், வெளியே எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில் கம்பியிட்ட சன்னல்களும், அடிமைகளும் விலங்குகளும் கால்வைக்க வேண்டிய இடத்தைக் காட்டத் தரைக்கல்லில் வளைவாக வெட்டிய பள்ளங்களும் இருந்தன. திரிகையைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் அதைச் சுற்றியுள்ள தரை எவ்வளவு குறுகலானது என்று பாருங்கள்.

சுவர் எழுத்து

இந்தத் தெருவின் கிழக்குப் பாதியை 1910-க்குப் பின் தோண்டியபோது, முகப்புகளை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தார்கள்; முந்தைய தலைமுறையினரோ ஓவியங்களை வெட்டி எடுத்துக்கொண்டு மிச்சத்தை மழைக்கு விட்டவர்கள். அதனால்தான் சிவப்பு வண்ணத்தில் எழுதிய தேர்தல் விளம்பரங்கள் சில, கண்ணாடிக்குப் பின்னால் இன்றும் இங்கே எஞ்சியிருக்கின்றன. ஊர் முழுவதிலும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன.

லத்தீன் தெரியாவிட்டாலும் இவற்றை வாசிக்கலாம், ஏனென்றால் அமைப்பு மாறுவதே இல்லை: பெரிய எழுத்தில் வேட்பாளர் பெயர், அடுத்துப் பதவியின் சுருக்கம், பிறகு ‘இவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம்’ என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம், ஓரத்தில் கேட்பவர் யார் என்பது. கேட்பவர்கள்தான் சுவையானவர்கள். பழ வியாபாரிகள் கேட்கிறார்கள். வாக்குரிமையே இல்லாத பெண்களும் கேட்கிறார்கள். மார்க்குஸ் செர்ரினியுஸ் வாத்தியா என்பவருக்காக ‘இரவு நெடுநேரம் குடிப்பவர்கள் அனைவரும்’ ஒரு சுவரிலும், ‘சில்லறைத் திருடர்கள்’ இன்னொரு சுவரிலும் வேண்டுகோள் விடுத்திருக்கிறார்கள். எதிரணியின் குறும்பு என்றுதான் பலரும் கருதுகிறார்கள். எழுதுவது இரவு வேலை என்பதற்கும் சுவரே சாட்சி: ‘விளக்குக்காரா, ஏணியைப் பிடி’ என்று ஓர் எழுத்தாளர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

கூர்முனையால் கீறிய கிறுக்கல்கள் வேறு வகை. பசிலிக்கா என்னும் பொதுமண்டபத்தில் கயுஸ் பூமிதியுஸ் திப்பிலுஸ் என்பவர் ‘இங்கே இருந்தேன்’ என்று கீறி, கி.மு. 78 அக்டோபர் 3-க்குரிய நாளையும் போட்டிருக்கிறார். ஒரு கிறுக்கல் சுவரையே விளித்து, இத்தனை பேருடைய அறுவையைச் சுமந்தும் நீ இன்னும் இடிந்து விழாதது வியப்பே என்கிறது.

வீட்டுக்குள்

அபொந்தான்சா தெருவும் ஸ்தாபியா தெருவும் கூடும் நாற்சந்தியில் வடக்கே திரும்பினால் பெரிய வீடுகள் வரத் தொடங்கும். எந்த வீட்டிலும் முதலில் வாசலுக்கு வெளியே தெருவில் நின்று நேராக உள்ளே பாருங்கள். இடைகழி, நடுவில் மழைநீர்த் தொட்டியுடன் திறந்த முற்றம், அதற்குப் பின் வீட்டுக்காரர் அமரும் அறை, அதையும் தாண்டித் தூண் வரிசை சூழ்ந்த தோட்டம் என்று ஒரே நேர்கோட்டில் கண் போகும். வீட்டுக்காரர் அதைத்தான் விரும்பினார். பகலில் கதவு திறந்தே இருந்தது. தெருவில் போகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே பணம் செலவிடப்பட்டது. வேலைக்காரர் அறைகளும் அடுக்களையும் இந்தக் கோட்டில் வருவதில்லை. அவற்றைப் பக்கத்தில் தேடித்தான் காண வேண்டும், காண்பதும் அவசியம்.

வெத்தி வீட்டையும் (6.15.1) ஃபான் வீட்டையும் (6.12.2) அடுத்தடுத்துப் பாருங்கள். அடிமைநிலையிலிருந்து விடுபட்டு வணிகத்தில் செழித்தவர்கள் என்று கருதப்படும் இருவருடைய முத்திரைகள் கிடைத்ததால் முன்னதற்கு அந்தப் பெயர். நெடுங்காலச் சீரமைப்புக்குப் பின் 2023 ஜனவரியில் மீண்டும் திறந்த அந்த வீட்டில் ஒரு சாண் சுவர்கூட வெறுமையாக இல்லை. வாசலில் பிரியாப்புஸ் தெய்வம் தன் ஆண்குறியைப் பணப்பைக்கு எதிராகத் தராசில் நிறுக்கிறது. முற்றத்தில் இரும்புப் பெட்டகங்கள் வருகிறவர் கண்ணில் படும்படி நிற்கின்றன. சாப்பாட்டு அறையில் சிறகு முளைத்த குழந்தைகள் நகை செய்கிறார்கள், நறுமணத் தைலம் காய்ச்சுகிறார்கள், துணி வெளுக்கிறார்கள்.

ஃபான் வீடு இதற்கு நேர்மாறு. ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர். ஒரு கட்டடத் தொகுதி முழுவதும் ஒரே வீடு. ஆனால் சுவரில் கதையும் இல்லை, உருவமும் இல்லை; பல வண்ணச் சலவைக்கல் போலத் தோன்றும் பழைய சுதைவேலைதான். ஊரே புதுப்பாணிக்கு மாறிய பின்னும் இரண்டு நூற்றாண்டுப் பழமையை மாற்றாமல் வைத்திருந்தது பழம்பணத்தின் செருக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. தரையில் சிறுகற்களால் பதித்திருக்கும் அலெக்சாந்தர் போர்க்காட்சி ஒரு நகல். 1831-இல் கிடைத்த மூலம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நிறத்தை வியக்கும்போதும் யார் செய்தது என்ற கேள்வியை விடாதீர்கள். ‘பொம்பெயிச் சிவப்பு’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி, காவி மஞ்சள் பூசிய சுவர். வெடிப்பின் வெப்பம் பட்டுச் சிவந்தது. ஒரே சுவரில் மஞ்சளும் சிவப்பும் ஒழுங்கற்ற விளிம்போடு கலந்திருந்தால் அது மலையின் வேலையாக இருக்கக்கூடும்.

நிலநடுக்கத்தின் ஒட்டுகள்

கல்சுவரின் நடுவே திடீரென்று செங்கல் ஒட்டு வருவதையும், மூலைகளை மட்டும் புதிதாகச் செங்கல்லால் எடுத்துக் கட்டியிருப்பதையும் அடிக்கடி காண்பீர்கள். வெடிப்புக்கு முன், கி.பி. 62-இல் (63 என்பாரும் உண்டு) நேர்ந்த பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் செய்த பழுதுபார்ப்பு அது. பதினேழு ஆண்டுகள் கழிந்தும் வேலை முடியவில்லை. அரங்குகளுக்கு அருகில் உள்ள, எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயில் கல்வெட்டு, நிலநடுக்கத்தில் விழுந்த கோயிலை அடித்தளத்திலிருந்து மீட்டுக் கட்டியவன் நுமேரியுஸ் போப்பிதியுஸ் செல்சினுஸ் என்றும், அதற்காக நகரவை அவனை உறுப்பினனாக ஏற்றுக்கொண்டது என்றும் சொல்கிறது. அவனுக்கு அப்போது வயது ஆறு! பணம் போட்டவர் தந்தை. அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர் அவையில் அமர முடியாது என்பதால், மகன் பெயரில் கோயிலைக் கட்டி மகனை உள்ளே அனுப்பினார்.

மன்றத்துக்கு நிறைய நேரம் ஒதுக்க வேண்டாம். அது வெறுமையாக இருப்பதற்கு மலை மட்டும் காரணமன்று. நிலநடுக்கத்தால் பாதி கட்டிய நிலையில் இருந்தது. வெடிப்புக்குப் பின் மேலிருந்து தோண்டி இறங்கியவர்கள் சிலைகளையும் சலவைக்கல்லையும் எடுத்துச் சென்றார்கள். ஓரத்தில் ஒரு மாடத்தில் குழிகள் வெட்டிய கல்மேசை ஒன்று இருக்கும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். சந்தையில் வாங்கியது அளவு சரியா என்று கொட்டிப் பார்க்க ஊராட்சி வைத்த முகத்தலளவை அது.

இறந்தவர்களைப் பார்க்கும் முறை

போர்த்தா மரினாவுக்கு அருகிலுள்ள காட்சிக்கூடத்துக்கு வரும்போது மாலையாகியிருக்கும். இப்போது வார்ப்புகளைப் பாருங்கள். சாம்பலில் புதைந்த உடல் மட்கிய பின் இறுகிய சாம்பலில் உடல் வடிவிலான வெற்றிடம் எஞ்சியது. 1863-இல் ஃபியோரெல்லி அதற்குள் சுண்ணச்சாந்தை ஊற்றி, இறுகிய பின் சுற்றியிருந்த சாம்பலை நீக்கினார். ஆகவே நீங்கள் பார்ப்பது கல்லாய்ப் போன உடலன்று. அச்சில் வார்த்த சாந்து, உள்ளே உண்மையான எலும்புகள். முதல் நாள் நுரைக்கல்லில் இறந்தவர்கள் இத்தகைய அச்சை விட்டுச் செல்லவில்லை. கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் நூறு பேர் அளவில் மட்டுமே வார்ப்பு இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வார்ப்புகளைச் சுற்றிப் பின்னிய கதைகளை நம்பிவிடாதீர்கள். பொன்வளையல் வீட்டில் குழந்தையை மடியில் வைத்திருந்தவரைத் தாய் என்றே எல்லோரும் சொல்லிவந்தார்கள். வளையலும் மடிக் குழந்தையும் வேறென்ன சொல்லும்? 2024-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர் ஆண் என்றும் குழந்தைக்கு இரத்த உறவு இல்லை என்றும் காட்டியது. தாய் என்ற முடிவு தோண்டியவர்களுடையது.

நாள் மிஞ்சினால்

இரண்டாம் நாள் இருந்தால், அதே வெடிப்பில் புதைந்த அண்டை ஊரான ஹெர்குலேனியத்துக்குப் போங்கள். காற்றின் திசையால் அங்கே நுரைக்கல் அதிகம் விழவில்லை. நள்ளிரவுக்குப் பின் கொதிசாம்பல் வெள்ளம் நேராக வந்து ஏறத்தாழ 20 மீட்டர் ஆழத்தில் ஊரைப் புதைத்தது. அந்த வெப்பத்தில் மரம் கரியாகி நிலைத்துவிட்டதால், பொம்பெயியில் வெறும் குழியாக மட்டும் கண்ட கதவு, பரண், மாடி உத்தரம், கட்டில் எல்லாம் அங்கே பொருளாகவே நிற்கின்றன. ஊர் சிறியது, அரை நாள் போதும். பழைய கடற்கரையின் படகுக் கொட்டடிகளில் ஏறத்தாழ 300 பேருடைய எலும்புக்கூடுகள் கிடைத்தன.

நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, கடைசியிலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடைசியில் என்பேன். ஓவியங்களைச் சுவரில்லாமல் முதலில் பார்த்தால் அவை வெறும் படங்களாகத் தங்கிவிடும். அங்கே தனியறையில் 1938-இல் பொம்பெயியில் கிடைத்த தந்தச் சிற்பம் ஒன்று இருக்கிறது; ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான உயரம், இந்தியக் கைவேலை. ‘பொம்பெயி லட்சுமி’ என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், யட்சி என்றே அறிஞர் பலரும் கருதுகிறார்கள். பிறகு கரியாகிப்போன ரொட்டியைத் தேடுங்கள். வட்டமாக, மேலே எட்டுத் துண்டாகப் பிட்க ஏதுவாகக் கோடு கீறியிருக்கும். 7.1.36-ஆம் எண்ணுள்ள அடுமனையைத் தோண்டியபோது மூடிய அடுப்புக்குள் இத்தகைய ரொட்டிகள் 81 இருந்தன. அன்று காலை யாரோ அவற்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.